மேன்டில் உதவியாளர் (மேற்பரப்பு)

எங்கள் பக்கம் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஓசூரிலிருந்து தொரப்பள்ளி போகிற சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தகரக் கூரை, ஒரு கேட், ஒரு செக்யூரிட்டி. போல்ட் செய்கிறவன் போல்ட்டை லாரியில் ஏற்றுகிறான். ரோஜா வளர்க்கிறவன் ரோஜாவைப் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறான். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆடுமாடு மேய்ந்த மந்தைவெளிப் புறம்போக்கில் வேலி போட்டு எழுந்த ஆழ்புவி மீட்சித்தன்மை ஆய்வு மையம் ஒன்றுதான் வேறு மாதிரி. உள்ளே போகிற கார்கள் ஏராளம், வெளியே வருகிற சரக்கு ஒன்றுமில்லை.

மையத்தின் வேலை பூமிக்கு அடியில். நாம் நிற்கிற மண், அதன் கீழே பாறை, அதற்கும் கீழே ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் ஆழம்வரை மேன்டில் என்று ஒரு கனத்த பகுதி. அங்கே இருக்கிற தாதுக்களை மேலே இருப்பதெல்லாம் சேர்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் அவை எவ்வளவு அமுங்கும், விட்டால் எவ்வளவு நிமிரும் என்பதுதான் ஆராய்ச்சி. நேரில் போய்ப் பார்க்க முடியாது. எங்கேயாவது நிலநடுக்கம் வந்தால் அதன் அதிர்வு பூமிக்குள் புகுந்து இந்தப் பக்கம் வரும். விறைப்பான தாது வழியே சீக்கிரம் வரும், தளர்ந்த தாது வழியே தாமதமாக வரும். அதைக் கருவியில் பிடித்துக் கணக்குப் போடுவார்கள். நல்ல விஞ்ஞானம்தான், உலகம் முழுக்க நல்லவர்கள் செய்கிறார்கள். நான் சொல்வது எங்கள் மையத்தைப் பற்றி மட்டும். வேறு யாரும் போய்ச் சரிபார்க்க முடியாத இடத்தில் வேலை என்பது இங்கே சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று.

கருவி, பாறையில் வெட்டிய ஒரு குழிக்குள் இருந்தது. அதற்கு வெளி அதிர்வு ஆகாது என்பதால் மையத்தில் எல்லோரும் துணிச்செருப்பு போட்டு நடந்தார்கள். நாற்காலிக் கால்களுக்கு சாக்ஸ் மாட்டினார்கள். தும்மல் வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வெளியாட்கள் நெஞ்சுத் துடிப்பு அடங்கும்வரை கேட்டருகே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் மீட்சி வணக்கத்தோடு தொடங்கும். அனைவரும் முழங்காலை மடித்து மெதுவாக அமுங்கி, மெதுவாக நிமிர வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. இயக்குநர் முனைவர் ஹரீஷ்குமாருக்கு மூட்டுவலி இருந்தது.

மையத்தின் வேலிக்குக் கூப்பிடு தூரத்தில் திம்மராயனின் மாவு மில் இருந்தது. திம்மராயன் ஒரு கம்பெனியில் நெடுங்காலம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர். கான்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்ததும், கையில் கிடைத்ததைப் போட்டு இந்தப் பழைய மில்லை வாங்கினார். ராகி, அரிசி, மிளகாய் மூன்றும் அரைப்பார். சுற்றி நாலு ஊர்க்காரர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசிக்கொண்டு தூக்குப் பாத்திரங்களோடு வரிசையில் நிற்பார்கள். மகள் கவிப்ரியா நர்சிங் படிப்பதும், வீட்டில் அடுப்பு எரிவதும் அந்த ஒரு மோட்டாரால்தான். மோட்டார் பழசு என்பதால் அதன் அடித்தளத்தை நேராகப் பாறையில் போல்ட் அடித்து இறக்கியிருந்தார். ஓடும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பல் ஆடும். மையம் கட்டுவதற்கு முன் அதிர்வு சர்வே எடுக்க வந்தவர்கள், பெயர்ப்பலகை உள்ள தொழில்களை மட்டும் குறித்துக்கொண்டு போனார்கள். மில்லுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த இடத்துக்கு எதற்குப் பலகை என்று திம்மராயன் விட்டுவிட்டார்.

முதல் இரண்டு வருஷம் மையத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை. உலகம் முழுவதும் கேட்ட நிலநடுக்கங்கள்தான் இங்கேயும் கேட்டன. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். அந்த நெருக்கடியில்தான் முனைவர் ஹரீஷ்குமார், அதுவரை குப்பை என்று ஒதுக்கிவைத்த பதிவுகளை ஒருநாள் திருப்பிப் பார்த்தார். அதில் தினமும் ஒரு சீரான துடிப்பு இருந்தது. எந்த நிலநடுக்கத்தோடும் அது சேரவில்லை. கூடவே, அமாவாசை அன்று துடிப்பு முற்றிலும் நின்றுபோயிருந்தது. ஒரு அமாவாசை இல்லை, எல்லா அமாவாசையும். மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தைய வாரம் அது பெருகி, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நீண்டது.

எங்கள் பக்கத்து மில்கள் அமாவாசைக்கு ஓடாது. மில்லைக் கழுவி, கல்லைக் கொத்தி, மோட்டார் பட்டையில் பொட்டு வைத்து, எலுமிச்சை அறுத்துக் கும்பிடுவார்கள். திருவிழாவுக்கு மாவிளக்கு மாவு அரைக்கக் கூட்டம் நெருக்கும். இது மூன்று மொழியிலும் எல்லோருக்கும் தெரியும். மையத்தில் ஆறு மொழி தெரிந்தவர்கள் இருந்தார்கள், மாவு பாக்கெட்டில் வாங்குகிறவர்கள்.

ஆக, ஓசூருக்கு நேர்கீழே மேன்டில் தாதுக்கள் தாமாகவே அமுங்கி நிமிர்கின்றன என்றும், அமாவாசையில் இறுகிவிடுகின்றன என்றும் ஆய்வுத்தாள் வெளியாயிற்று. கண்டுபிடிப்புக்கு ‘அமாவாசை விறைப்பு’ என்று பெயர் வைத்தார்கள். விருது வந்தது. பாராட்டு விழா நடந்தது. விழாவில் கொடுத்த ராகி முறுக்குக்குத் திம்மராயன்தான் மாவு அரைத்துக் கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பொதுமக்கள் என்ற வகையில் அவருக்கும் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது. குழிக்கு மாலை போட்டார்கள். இயக்குநர் பேசினார்.

“இத்தன வருஷமா பூமி நம்மகிட்ட பேசல. இப்பப் பேசுது. அதுவும் ஆபீஸ் டைம்ல பேசுது. காலைல ஒன்பது மணிக்கு மேல ஆரம்பிக்குது, மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்துது, மறுபடி ஆரம்பிச்சு சாயந்திரம் முடிக்குது. இவ்வளவு ஒழுக்கமான மேன்டில் வேற எந்த நாட்டுலயும் கெடையாது. அதுக்குக் காரணம் நம்ம மையத்தோட நிர்வாகம்.”

கைதட்டல் ஓய நேரமாயிற்று. கைதட்டலும் மெதுவாகத்தான் தட்ட வேண்டும் என்பதால் அது நீண்டுகொண்டே போனது. திம்மராயனும் தட்டினார். நம் ஊருக்குக் கீழே இப்படியொரு அதிசயம் இருக்கிறதே என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை அடுத்த வாரம் வரைக்கும் வந்தது. இவ்வளவு அரிய துடிப்பை வெளிச் சத்தங்கள் கெடுத்துவிடக் கூடாது என்று சுற்றுவட்டாரத்தை அமைதி மண்டலமாக அறிவித்தார்கள். டவுன் பஸ் மண்டலத்துக்குள் உருண்டு போக வேண்டும், என்ஜின் போடக் கூடாது. மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். கோயில் பம்பைக்காரர்கள் பம்பை மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார்கள். ஆட்டுக்கல், உரல் இருக்கிற வீடுகளில் அடியில் மெத்தை போட வேண்டும். அதிர்வு சர்வேயும் புதிதாக எடுத்தார்கள். இந்த முறை வந்தவர்கள் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் காதால் கேட்டுக்கொண்டு வந்ததால், முதலில் வந்து நின்ற இடம் திம்மராயனின் மில். கதவில் அரக்கு வைத்து சீல் அடித்தார்கள்.

திம்மராயன் வேலி ஓரமாகவே இரண்டு நாள் நடந்தார். வீட்டில் உட்கார முடியவில்லை. காது பழகிய சத்தம் இல்லாமல் சோறு இறங்கவில்லை. தூக்கோடு வந்த சனங்கள் சீலைப் பார்த்துவிட்டு மத்திகிரி பஸ்ஸுக்குப் போனார்கள். அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. மத்திகிரியில் முத்துமணி என்பவர் புது மில் வைத்திருந்தார். மாவு மில்லுக்கு வருகிற சனம் ஒருமுறை வேறு மில்லுக்குப் பழகிவிட்டால் திரும்பி வருவது அபூர்வம். மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு மையத்துக்குப் போனார்.

கேட்டில் நெஞ்சுத் துடிப்பு அடங்கட்டும் என்று உட்காரவைத்தார்கள். மில் மூடிக்கிடக்கிறவனுக்கு எங்கே அடங்கும்? மதியத்துக்கு மேல், அடங்காத நெஞ்சோடேயே நிர்வாக அலுவலர் கிருஷ்ணப்பனிடம் அனுப்பினார்கள். திம்மராயன் தன் நிலைமையைச் சொன்னார். தான் அங்கே முதலில் வந்தவர், மையம் பிறகு வந்தது, அதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கிருஷ்ணப்பன் பொறுமையாகக் கேட்டார்.

“உங்க மில்லுக்கு என்னா வயசுங்க?”

“நான் வாங்கறதுக்கு முன்னால ஒரு முப்பது வருஷம் இருக்கும் சார்.”

“மேன்டிலுக்கு நானூறு கோடி வருஷத்துக்கு மேல. சீனியாரிட்டி யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

கிருஷ்ணப்பன் அவருக்கு ஆறுதலாக மீட்சித்தன்மையை விளக்கினார். அழுத்தும்போது அமுங்கிப்போக வேண்டும், விட்டதும் பழைய நிலைக்கு வர வேண்டும், தாதுக்கே அந்தக் குணம் இருக்கும்போது மனிதனுக்கு இருக்கக் கூடாதா என்றார். எப்போது விடுவீர்கள் என்று திம்மராயன் கேட்டார். அது தங்கள் ஆராய்ச்சியின் எல்லைக்குள் வராது என்று கிருஷ்ணப்பன் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மாரம்மா பொரிந்து தள்ளினாள். “பூமிக்கு அடியில இருக்கறதுக்கு வக்காலத்து வாங்க அத்தன பேரு இருக்கறாங்க. மேல இருக்கற நமக்கு யாருய்யா இருக்கறாங்க?” மறுநாளே அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மில்லுக்கு சீல் வைத்த அன்றே குழியில் துடிப்பு நின்றுவிட்டது. முதல் நாள் யாரும் கவலைப்படவில்லை. இரண்டாம் நாள் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள். அமாவாசை இல்லை. மூன்றாம் நாள் இயக்குநர் துணிச்செருப்பைக்கூட மறந்து ஓடினார். வெளிநாட்டுக் குழு ஒன்று அடுத்த மாதம் துடிப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அவசரக் கூட்டம் கூடி, மீட்சி வணக்கம் செலுத்தி, காரணம் தேடினார்கள். தாதுக்கள் மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டன என்றார் ஒருவர். அமாவாசை விறைப்பு நிரந்தரமாகிவிட்டது, இது இன்னொரு ஆய்வுத்தாளுக்கு உரிய விஷயம் என்றார் இன்னொருவர். விழாவில் குழிக்குப் போட்ட மாலை கனமாகிவிட்டதோ என்று ஒருவர் சந்தேகப்பட, அதை விசாரிக்கத் துணைக்குழு அமைத்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பூமிபூஜையும் போட்டார்கள்.

மையத்தில் பிரவீனா என்று ஒரு இளம் விஞ்ஞானி இருந்தாள். கல்லாவிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பூஜைக்குத் தேவையான அரிசி மாவை அவளை வாங்கிவரச் சொன்னார்கள். அவள் பாக்கெட் வாங்கத் தெரியாமல் மில்லைத் தேடிக்கொண்டு வந்து, சீல் வைத்த கதவின் முன்னால் நின்றாள். வாசலில் குந்தியிருந்த திம்மராயனிடம் மில் எப்போதிலிருந்து மூடியிருக்கிறது என்று கேட்டாள். அவர் சொன்னார். அமாவாசைக்கு ஓட்டுவீர்களா என்று கேட்டாள். அமாவாசைக்கு எவனாவது மில் ஓட்டுவானா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் மாவை மறந்து மையத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கூட்டத்தில் அவள் எழுந்து விஷயத்தைச் சொன்னாள். துணைக்குழுக்காரர்கள் மாலையின் எடையை விட்டுவிட்டு இயக்குநரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கோபமே இல்லாமல் பேசினார்.

“நீ சொல்றது உண்மையா இருக்கலாம் பிரவீனா. ஆனா உண்மை லேட்டா வந்திருக்குது. ஆய்வுத்தாள் வந்தாச்சு, விருது வாங்கியாச்சு, இந்தக் கட்டடத்துக்கு ரெண்டாவது மாடி சாங்ஷன் ஆயாச்சு. இத்தனைக்கும் அப்புறம் வர்ற உண்மைய நாம எங்க உக்கார வெக்கிறது? நமக்கு வேண்டியது துடிப்பு. அது எங்கருந்து வருதுங்கறது சின்ன விஷயம்.”

மறுநாள் காலையில் மூன்று ஜீப்புகள் மில் வாசலுக்கு வந்தன. கிருஷ்ணப்பனே தன் கையால் சீலை உடைத்தார். திம்மராயனுக்கு என்ன ஏது என்று புரியவில்லை, கேட்கவும் பயம். ஓட்டுங்கள் என்றார்கள், ஓட்டினார். கையில் போன் வைத்துக்கொண்டு நின்ற அதிகாரி, குழியில் துடிப்பு வந்துவிட்டது என்று சொன்னதும் அத்தனை பேரும் மெதுவாகக் கைதட்டினார்கள். மாரம்மா கேன்டீன் வேலையை விட்டுவிட்டாள். மறுபடியும் தூக்குகளோடு ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். திம்மராயனுக்கு அழுகை வந்தது. அந்த இரண்டு நாள்தான் அவர் அந்த வருஷத்தில் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஜீப் திரும்ப வந்தது. பதிவுகள் சரியில்லையாம். ராகி அரைத்தால் மேன்டில் ஒரு மாதிரி தளர்கிறதாம், மிளகாய் அரைத்தால் வேறு மாதிரி விறைக்கிறதாம். பழைய பதிவுகளிலும் அப்படித்தான் இருந்தது, அப்போது அதை இயற்கையின் பன்முகம் என்று எழுதியிருந்தார்கள். இப்போது மூலம் கைக்குள் வந்துவிட்டதால் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் கட்டளை. ஆகவே மில் வெறுமனே ஓட வேண்டும். எதையும் அரைக்கக் கூடாது.

அதற்காகத் திம்மராயனுக்கு ஒரு வேலையே போட்டுக் கொடுத்தார்கள். மேன்டில் உதவியாளர், மேற்பரப்பு. நீல யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, மாதச் சம்பளம், ஒரு ஜோடி துணிச்செருப்பு. மில் வாசலில் முதன்முறையாகப் பெயர்ப்பலகை ஏறியது. அதில் மில் என்ற சொல் இல்லை. அரைப்பது எப்போது என்று திம்மராயன் கேட்டபோது, அரைப்பது அவருடைய பழைய வேலை, இது புது வேலை என்று கிருஷ்ணப்பன் விளக்கினார். சம்பளம் மோசமில்லை.

காலை ஒன்பது மணிக்கு ஸ்விட்சைப் போடுவார். மோட்டார் ஓடும், பட்டை சுற்றும், கல் சுற்றும். சாயங்காலம் நிறுத்துவார். மாவு வர வேண்டிய வாயில் ஒன்றும் வராது. தூக்கோடு வந்தவர்கள் ஓடுகிற மில்லையும் யூனிஃபார்மையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கர்நாடகப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த செல்வம்மாள், “மில்லு ஓடினு இருக்குது, அரைக்கமாட்டேன்றியே, என்னா திம்மராயா இது அநியாயம்?” என்று கேட்டாள். அவர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதைப் படிக்க அவளுக்குத் தெரியாது. படித்தவர்களுக்கும் அது புரிந்திருக்காது. வரிசை கலைந்து மத்திகிரி பஸ்ஸில் ஏறியது.

மில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். கல்லுக்கு நடுவில் தானியம் இல்லாவிட்டால் கல் கல்லையே அரைக்கும். உள்ளே சூடேறிக் கருகல் வாடை வரும், பொறி பறக்கும். இடைவெளியைத் தள்ளிவைத்தால் தப்பிக்கலாம். தள்ளிவைத்தால் துடிப்பு குறைகிறது என்று போன் வந்தது. ஒட்டவைத்தார். மாவு வரும் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் கல் பொடி கொட்ட ஆரம்பித்தது. வெளிநாட்டுக் குழு வந்தபோது அந்தப் பொடியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, துடிப்பு மண்டலத்தின் மேற்பரப்பு மாதிரி என்று நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நன்றி சொன்னார்கள். திம்மராயன் ஓரமாக நின்று, தன் மில்லின் கல் குப்பியில் ஏறி விமானத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் சொல்வது என்று தெரியாததால் மெதுவாகக் கைதட்டினார்.

மாரியம்மன் திருவிழா நெருங்கியது. பழைய பதிவுகளில் இந்த வாரம் துடிப்பு பெருகியிருப்பதால், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மில் ஓட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வருஷம் பூராவும் இந்த வாரத்துக்காகத்தான் அவர் காத்திருப்பார். இப்போது மில் விடியலிலிருந்து ஓடியது, வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. மாரம்மா வீட்டில் நனைத்து உலர்த்திய மாவிளக்கு அரிசியை எடுத்துவந்து, சாமிக்குத்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கை அள்ளி மில்லின் மேல்வாயில் கொட்டினாள். கல் ஒரு கணம் சாந்தமாயிற்று. அரிசி மணம் எழுந்தது. திம்மராயனுக்கு உடம்பெல்லாம் இளகியது. இன்னொரு கை போடு என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் ஜீப் வந்துவிட்டது. மேன்டில் திடீரென்று தளர்ந்துவிட்டதாக மையத்தில் மணி அடித்ததாம். கடமையில் இருக்கும்போது பூமியின் உட்பகுதியில் குறுக்கிட்டதற்காகத் திம்மராயனிடம் விளக்கம் கேட்டார்கள். அரைபட்ட அந்த ஒரு கை மாவையும் ஆதாரமாக எடுத்துப்போனார்கள்.

விளக்கம் சொல்லப் போனவரிடம், பூமி மேல் இனிக் கை வைக்கக் கூடாது என்று இயக்குநர் கண்டிப்பாகச் சொன்னார். திம்மராயன், வீட்டுச் சாமிக்கு மாவு வேண்டும் என்று மட்டும் சொன்னார். மையம் ஒன்றும் இரக்கமில்லாத இடமில்லை. சொந்த உபயோகத்துக்காக வெளியில் மாவு அரைத்துவர அவருக்கு அரைநாள் விடுப்பு கொடுத்தார்கள். அந்த அரைநாளுக்கு ஸ்விட்சைக் காவல் காக்க முனைவர் பட்டம் பெற்ற ஒருவரை அனுப்பினார்கள்.

திம்மராயன் யூனிஃபார்மோடு, அரிசித் தூக்கோடு டவுன் பஸ் ஏறினார். மேட்டில் எல்லோரோடும் இறங்கித் தள்ளினார். மத்திகிரியில் முத்துமணியின் மில்லில் திருவிழாக் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. பாதிக்கு மேல் அவருடைய ஆட்கள். செல்வம்மாள் இருந்தாள். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை, நகர்ந்து இடம்தான் விட்டார்கள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

முத்துமணி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். திருவிழாச் சமயத்தில் ஒரு மில்காரர் இன்னொரு மில்லில் வரிசையில் நிற்பதை அவர் பார்த்ததில்லை.

“என்னா திம்மராயண்ணா, நீயே இங்க வந்துட்ட? உன் மில்லு ஓடலையா?”

“ஓடுதுப்பா,” என்றார் திம்மராயன். “நிக்காம ஓடினு இருக்குது.”